சுவரின் வில்லங்கம்

நம் ஊர்களில் வீடு வாங்க முற்படும் ஒருவர் முதலில் நாடுவது சார்பதிவாளர் அலுவலகத்தை. மூலப்பத்திரத்தைப் பார்க்கிறார், முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறார், பட்டாவில் பெயர் சரியாக உள்ளதா, வங்கியில் அடமானம் உண்டா, பங்காளிகளில் எவரேனும் கையெழுத்திடாமல் விடப்பட்டாரா என்றெல்லாம் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிகிறார். இவ்வளவும் நன்றே. ஆயினும் சுவருக்குள் இருக்கும் வில்லங்கத்தை எந்தப் பதிவேடும் காட்டுவதில்லை. புதிதாகப் பட்டி பார்த்து, இளநீல வண்ணம் பூசி நிற்கும் சுவருக்குப் பின்னால் ஓதம் ஏறியிருக்கலாம், பூசணம் படர்ந்திருக்கலாம். அதை அறிந்தவர் பெரும்பாலும் ஒருவரே. அவர் விற்பவர்.

சேத்தியாத்தோப்பில் அத்தகைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்க விரும்புபவர் சர்க்கரை ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கையில் இருக்கின்றன. வங்கி வட்டி வீட்டுச் செலவுக்குப் போதாது. நிதி நிறுவனங்களில் பணம் போட்டு இழந்தோரின் கதைகளையும் அவர் கேட்டிருக்கிறார். ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் மாதந்தோறும் ஒரு தொகை வரும், பிற்காலத்தில் மகளுக்கும் ஒரு சொத்தாகும் என்று கருதுகிறார். இதில் தவறேதும் இல்லை. உழைத்துச் சேர்த்ததைப் பாதுகாக்க நினைப்பது பேராசையன்று.

வீடு பார்வைக்கு அழகாக இருக்கிறது; விலையும் அக்கம்பக்கத்து விலையைவிடக் குறைவு. உடன் வந்த கொத்தனார் மட்டும் பின்அறையின் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். பீரோவுக்குப் பின்னால் குனிந்து விரலால் சுரண்டுகிறார். வண்ணத்தின் அடியில் காரை மாவாக உதிர்கிறது. கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் தெரிகிறது. "ஓதம் காக்குதுங்க. இந்தப் பெயிண்டு ஐப்பசி வரைக்கும்தான் தாங்கும்" என்கிறார் அவர். இதைக் கேட்ட தரகர் சிறிதும் தயங்கவில்லை. "நீங்களா குடியிருக்கப் போறீங்க? வாடகைக்குத்தானே விடப் போறீங்க!" என்கிறார்.

இந்நிகழ்ச்சி நாம் கற்பித்துக்கொண்டதே. ஆனால் தரகர் சொன்னது போன்ற சொல் நம் ஊர்களுக்குப் புதிதன்று. அச்சொல்லில் பொதிந்துள்ள அறக்கேள்வியே இக்கட்டுரையின் பொருள். தனக்கு ஆகாது என்று அறிந்த சுவரை, பிறருக்கு ஆகும் என்று ஒருவர் வாங்கலாமா?

ஈரம் ஏறும் வழி

கேள்வியை ஆராயுமுன் ஓதத்தைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது நன்று. அறியாத பொருளைப் பற்றிச் சொல்லும் அறவுரை வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

சேத்தியாத்தோப்பு நீர் சூழ வாழும் ஊர். வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு ஒன்று இங்கே நிற்கிறது. சோழர் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரி அருகில் பரந்து கிடக்கிறது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அந்த ஏரிக்கு நீர் வருகிறது. 2004ஆம் ஆண்டு முதல் வீராணத்து நீர் சேத்தியாத்தோப்பிலிருந்து இறைக்கப்பட்டு, வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாகச் சென்னையின் தாகத்தைத் தணித்து வருகிறது. அதே நீர் சில ஆண்டுகளில் வேறு முகமும் காட்டியது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூர் மாவட்டத்தைத் தாக்கிய தானே புயலையும், 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருமழையையும் இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்த பின்னும் சுவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை.

செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, அத்துளைகள் நிலத்தின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. கடைக்காலுக்கு மேல், சுவர் தொடங்குமிடத்தில், ஈரம் ஏறாதபடி தடுப்புப் பூச்சு இடாத வீடுகளில் இது முழங்கால் உயரத்திற்கும் அதற்கு மேலும் ஏறும். ஈரத்தோடு நிலத்தின் உப்பும் ஏறுகிறது. நீர் காற்றில் ஆவியாகிவிட, உப்பு சுவரில் தங்கிப் பூத்து, வண்ணத்தையும் காரையையும் உள்ளிருந்து தள்ளி உதிர்க்கிறது. தெருவுக்கு ஆண்டுதோறும் தார் மேல் தாராகப் போட்டு உயர்த்துகிறார்கள். தெரு உயர உயரப் பழைய வீடு தாழ்கிறது. மழைநீர் வாசலை நோக்கி வருகிறது. இவையன்றி மொட்டைமாடித் தளத்தின் விரிசலும், குளியலறைச் சுவருக்குள் புதைத்த குழாயின் கசிவும் ஈரத்தின் வேறு வாயில்கள். எங்கே ஈரம் நிலைக்கிறதோ, காற்றும் வெயிலும் எங்கே நுழைவதில்லையோ, அங்கே பூசணம் குடியேறுகிறது.

இதில் நாம் கருத வேண்டிய ஓர் உண்மை உண்டு. ஈரம் வரும் வழியை அடைக்காமல், நீர் புகாத வண்ணத்தை மேலே பூசினால் ஈரம் அடங்குவதில்லை. வெளியேற வழியின்றி அது சுவருக்குள் இன்னும் உயரமாக ஏறுகிறது. பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்வோர் இதை வேறு வகையில் அறிவர். மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கும்போதே சூளையில் ஏற்றினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பாத்திரத்தை வெடிக்கச் செய்யும். எனவே அவர்கள் முதலில் பொறுமையாக உலர்த்துகிறார்கள். மெருகும் பளபளப்பும் பின்னரே வருகின்றன. வீடு விற்பவரோ பல வேளைகளில் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்.

இரு அறிஞரின் வழக்கு

இக்கேள்வி புதியதன்று. கிறிஸ்து பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன் உரோமைப் பேச்சாளர் சிசரோ, ஏதென்சில் கல்வி பயின்றுகொண்டிருந்த தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் அவர் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, நலத்திற்குக் கேடான வீடு. நல்லவர் ஒருவர் தம் வீட்டை விற்கிறார். அது உடல்நலத்துக்கு ஒவ்வாதது, படுக்கையறைகளில் பாம்பு வருகிறது, மரங்கள் உளுத்துப் போயுள்ளன என்பது அவருக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விற்றால் அது அநீதியா?

இதில் ஸ்தோயிக்கக் கொள்கையினர் இருவர் மாறுபட்டதாக சிசரோ கூறுகிறார். பாபிலோன் ஊரவரான தியோகெனசு, விற்பவர் வாங்குபவரைக் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார். தமக்குப் பிடிக்காததை அவர் விற்றார், தமக்குப் பிடித்ததை இவர் வாங்கினார். நலமற்ற வீடு விற்பனைக்கு என்று முரசறைந்து கூவுவதைவிட அறியாமை உண்டோ என்று அவர் வினவுகிறார். அவருடைய மாணவரான தார்சு நகரத்து அந்திபாத்தர் இதை ஏற்கவில்லை. வழி தவறிய பயணிக்கு வழி காட்டாமல் இருப்பதையே ஏதென்சு மக்கள் சாபத்திற்குரிய செயலாகக் கருதினர். தெரிந்தே ஒருவரைத் தவறான வழியில் விழவிடுவது அதனினும் கொடிது அன்றோ என்பது அவர் வாதம். சிசரோ மாணவரின் பக்கமே நிற்கிறார். வாயை மூடியிருப்பது எல்லாம் மறைத்தல் ஆகாது. ஆனால் தெரிந்துகொள்வது பிறருக்கு நன்மை என்றிருக்கும்போது, நம் ஆதாயத்திற்காக அவரை அறியாமையில் வைத்திருப்பது மறைத்தலே என்பது அவர் முடிவு.

நடந்த வழக்கு ஒன்றையும் அவர் சொல்கிறார். உரோமையின் செலியன் குன்றின்மீது கிளாவுதியு செந்துமாலு என்பவருக்கு ஒரு வீடு இருந்தது. பறவைக் குறி பார்க்கும் அதிகாரிகள், தங்கள் பார்வையை மறைக்கும் அதன் உயர்ந்த பகுதிகளை இடிக்கும்படி அவருக்குக் கட்டளையிட்டனர். அவர் அதைச் சொல்லாமல் வீட்டை விற்றார். வாங்கிய கல்பூர்னியு லனாரியுவுக்கும் அதே கட்டளை வந்தது, அவர் இடித்தார். பின்னரே, விற்றவர் அறிந்துகொண்டே விற்றார் என்பது தெரிந்தது. வழக்கைத் தீர்த்த மார்க்கு காத்தோ, குறையை அறிந்தும் சொல்லாத விற்பனையாளரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

சுவரைப் பார்க்க வந்த குரு

புதுமனை மந்திரிக்க அழைக்கப்படும்போது நாம் ஒவ்வோர் அறையாகச் சென்று தீர்த்தம் தெளிக்கிறோம். வண்ணத்தின் மணம் மாறாத சுவர்களைப் பார்த்து மகிழ்கிறோம். குரு குனிந்து சுவரைச் சுரண்டிப் பார்த்தால் வீட்டார் முகம் சுளிப்பர். ஆனால் மறைநூலில் குருவுக்கு அந்த வேலையும் தரப்பட்டிருந்தது.

லேவியர் நூலின் பதினான்காம் அதிகாரத்தின் பிற்பகுதியை நம்மில் பலர் வாசிக்காமலே கடந்துவிடுகிறோம். அங்கே ஒரு வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறைகள் தோன்றினால் என்ன செய்ய வேண்டும் என்று விரிவாகக் கூறப்பட்டுள்ளது. குரு வந்து பார்க்க வேண்டும். ஏழு நாள் வீட்டைப் பூட்டிவைக்க வேண்டும். ஏழாம் நாள் கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து நகருக்கு வெளியே எறிய வேண்டும். உட்சுவர் முழுவதையும் சுரண்டி, புதுக் கல் வைத்து, புதுக் காரை பூச வேண்டும். அதன் பின்னும் கறை திரும்பினால் வீட்டையே இடித்துவிட வேண்டும். கறை திரும்பாவிட்டால் வீடு தூயது என்று குரு அறிவிப்பார்.

இந்தப் பகுதியில் மூன்று செய்திகள் நம் கேள்விக்கு ஒளி தருகின்றன. முதலாவது, வீட்டு உரிமையாளரே குருவிடம் சென்று சொல்ல வேண்டும். பிறர் கண்டுபிடிக்கும்வரை அவர் காத்திருக்கலாகாது. யூத மரபின் மிஷ்னா நூல் இதை இன்னும் நுணுக்கமாக விளக்குகிறது. உரிமையாளர் கற்றறிந்தவராயினும், நோய் என்று உறுதியாக அறிந்திருந்தாலும், தன் வீட்டில் நோய் போன்ற ஒன்று தெரிகிறது என்றே சொல்ல வேண்டுமாம். குறையைச் சொல்ல வேண்டும். தீர்ப்பைத் தானே வழங்கிவிடக் கூடாது.

இரண்டாவது, குரு வருமுன் வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அவையும் தீட்டுப்பட்டவை ஆகிவிடும். ஏழையின் பாயும் பானையும் வீணாகாதபடி சட்டமே இங்கே இரக்கம் காட்டுகிறது. உண்மையைச் சொல்பவருக்கு வரும் இழப்பைக் குறைப்பதும் சமூகத்தின் கடமை என்பது இதன் உட்பொருள்.

மூன்றாவது, பூட்டப்பட்ட அவ்வீட்டில் படுத்தவரும் உணவருந்தியவரும் தம் உடைகளைத் துவைக்க வேண்டும். சுவரின் நோய் சுவரோடு நிற்பதில்லை, அங்கே உறங்குபவரையும் உண்பவரையும் தொடுகிறது என்பதைச் சட்டம் கருத்தில் கொண்டிருக்கிறது.

எசேக்கியேல் இறைவாக்கினரும் சுவரைப் பற்றிப் பேசுகிறார். மக்கள் கட்டிய உறுதியற்ற சுவருக்குப் பொய் இறைவாக்கினர் வெள்ளையடித்ததையும், பெருமழை வந்தபோது வெள்ளையும் சுவரும் சேர்ந்து விழுந்ததையும் அவர் உருவகமாகக் காட்டுகிறார் (எசே 13:10-15). குறையை அறிந்தும் 'எல்லாம் நலமே' என்று சொல்வது அவர் பார்வையில் தனிக் குற்றம்.

கூவித்தான் விற்க வேண்டுமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். விற்பவர் எப்போதும் வஞ்சகர் அல்லர். மகளின் திருமணத்திற்கோ, கணவரின் மருத்துவக் கடனுக்கோ, இருக்கும் ஒரே வீட்டை விற்கும் கைம்பெண்ணாகவும் இருக்கலாம். சுவரில் ஓதம் என்று அவர் ஊரறியச் சொன்னால் வாங்க ஒருவரும் வரமாட்டார். வருபவரும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். உண்மை சொன்னதற்காக அவர் தெருவில் நிற்க வேண்டுமா?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் இதே தடையை எடுத்துக்கொள்கிறார். முரசறைந்து கூவும் மடமையைப் பற்றிச் சிசரோ எழுதிய வரியையே எதிர்வாதமாக முன்வைத்து, அதற்கு அவர் விடை சொல்கிறார். கூவ வேண்டியதில்லை என்கிறார். கூவினால், பொருளின் மற்ற நன்மைகளை அறியாமலே மக்கள் அஞ்சி ஓடிவிடுவர். ஆனால் வாங்க வந்து எதிரில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் குறையைச் சொல்ல வேண்டும். அவர் நன்மையையும் குறையையும் ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்து முடிவு செய்வார். ஊருக்கு அன்று, எதிரில் நிற்பவருக்கு உண்மையைக் கடன்பட்டிருக்கிறோம் என்ற இந்த வேறுபாடு ஏழை விற்பனையாளரையும் காக்கிறது, வாங்குபவரையும் காக்கிறது.

அவர் மேலும் பகுத்துரைக்கிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது போலக் குறை வெளிப்படையாக இருந்து, அதற்கேற்ப விலையும் குறைக்கப்பட்டிருந்தால், விற்பவர் அதைத் தனியே எடுத்துச் சொல்லாவிடினும் பாவமில்லை. குறை மறைவானதாக இருந்து, வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்குமானால், சொல்லாமல் விற்பது வஞ்சனை. இழப்பை ஈடுசெய்யவும் கடமை உண்டு. இடிந்து விழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியானதாக விற்பதை இதற்கு எடுத்துக்காட்டாகவே அவர் குறிப்பிடுகிறார்.

வாங்குபவருக்கும் இதே அளவுகோல்தான். ஓதத்தை மறைத்து விற்பது எப்படித் தவறோ, அப்படியே குழாய்க் கசிவால் வந்த சிறு ஈரத்தைக் கடைக்காலே கெட்டதென்று பெரிதாக்கி, கைம்பெண்ணை அச்சுறுத்தி விலையைக் குறைப்பதும் தவறு. நடுவுநிலைமையைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில், பிறர் பொருளையும் தம் பொருள் போலக் கருதுவதே வாணிகரின் வாணிகம் என்று வள்ளுவர் கூறுவது விற்பவருக்கு மட்டும் சொன்னதன்று.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழியே செல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், தன் 55ஆம் பிரிவில், சொத்திலுள்ள முக்கியக் குறையை விற்பவர் அறிந்திருந்து, வாங்குபவர் அறியாமலும் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க இயலாமலும் இருந்தால், அதைச் சொல்ல விற்பவரைக் கடமைப்படுத்துகிறது. சொல்லாது விடுவதை மோசடி என்றே அது குறிக்கிறது. அதே சட்டத்தின் 108ஆம் பிரிவு, வாடகைக்கு விடுபவருக்கும் இதே போன்ற கடமையை விதிக்கிறது.

இவ்விரு பிரிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நம் ஓய்வுபெற்ற நண்பரின் நிலை தெளிவாகும். கொத்தனார் சுவரைச் சுரண்டும்வரை குறையை அறிந்தவர் விற்பவர் மட்டுமே; சொல்ல வேண்டிய கடனும் அவருடையதே. சுரண்டிய பின்னர் வாங்குபவரும் அறிந்துவிட்டார். அறிந்தே வாங்கினால், நாளை அவ்வீட்டை வாடகைக்கு விடும்போது சொல்ல வேண்டியவர் அவரே. பத்திரத்தோடு கடனும் அவர் பெயருக்கு மாறிவிடுகிறது. 'சுவர் அப்படியேதான் வந்தது' என்று அவர் இனிச் சொல்ல இயலாது.

கடைசியில் நிற்பவர்

மறைக்கப்பட்ட குறை ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்கிறது. விற்பவர் தரகரிடம் தள்ளுகிறார். தரகர் வாங்குபவரிடம் தள்ளுகிறார். வாங்குபவர் குடக்கூலிக்காரரிடம் தள்ளுகிறார். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு கை வண்ணம் பூசுகிறார். கடைசியில் நிற்பவருக்குத் தள்ள வேறு ஆள் இல்லை. முன்பணம் கொடுத்துவிட்டார், பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டார். ஐப்பசி மழையில் சுவர் பூக்கும்போது அவர் பிள்ளையின் பாயைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுகிறார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவே.

இது வெறும் அழகுக் குறையன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூல், ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், மூச்சிரைப்பு, ஒவ்வாமை, ஆஸ்துமா போன்றவை கூடுதலாக வருவதை எடுத்துரைக்கிறது. குழந்தைகளும் முதியோரும் நோயாளரும் நாளின் பெரும்பகுதியை வீட்டிற்குள்ளேயே கழிப்பவர்கள். மற்றவர் வேலைக்குச் சென்று நல்ல காற்றைச் சுவாசிக்கும் நேரத்திலும், அவர்கள் அந்தச் சுவரின் காற்றையே சுவாசிக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூச்சு நோயால் இறந்தது. வீட்டில் நெடுங்காலம் பூசணத்தின் இடையே வாழ்ந்ததே காரணம் என்று 2022ஆம் ஆண்டு நவம்பரில் மரண விசாரணை அலுவலர் முடிவு கூறினார். குழந்தை பிறக்குமுன், 2017ஆம் ஆண்டிலேயே, தந்தை அப்பூசணத்தைப் பற்றி முறையிட்டிருந்தார். மேலே வண்ணம் பூசிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அக்குழந்தையின் நினைவாக, சமூகக் குடியிருப்புகளில் ஈரத்தையும் பூசணத்தையும் குறித்த காலத்திற்குள் சரிசெய்ய வகைசெய்யும் விதி 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. செல்வம் மிக்க நாட்டிலும் குடியிருப்பவரின் குரல் கேட்கப்பட ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

நம் மாநிலத்திலும் குடியிருப்பவர் தம் சுவரைத் தாமே தேர்வதில்லை. 2021ஆம் ஆண்டு சென்னைப் புளியந்தோப்பில், கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறிய ஏழைக் குடும்பங்கள், கை பட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்வதைக் காட்டியபோது நாடே பார்த்தது. அங்கே சிக்கல் ஓதமன்று, பூச்சின் தரம். எனினும், சுவரைக் கட்டுபவர் ஒருவர், விலை பேசுபவர் வேறொருவர், அதன் அருகே உறங்குபவர் மூன்றாம் ஒருவர் என்ற நிலை அங்கும் அதுவே. அபக்கூக்கு இறைவாக்கினர் சுவரிலிருந்து கல் கூக்குரலிடும் என்றார் (அப 2:11). கல்லின் குரலைக் குடியிருப்பவர் இரவு முழுதும் கேட்கிறார். வாடகையை மட்டும் பெற்றுச் செல்பவர் காதில் அது விழுவதில்லை.

தரகரின் சொல்லுக்கு மீண்டும் வருவோம். 'நீங்களா குடியிருக்கப் போகிறீர்கள்?' என்பது கேள்வியன்று, ஆறுதல். ஒருவரின் மனச்சான்றைத் தூங்கவைக்கச் சொல்லப்படும் தாலாட்டு. அதன் உட்பொருளை விரித்தால், 'இதில் வாழப்போவது உம்மைவிடக் குறைந்த மனிதர்' என்பதே. முதலீடு என்ற சொல் தன்னளவில் தீயதன்று. ஆனால் அச்சொல்லைக் கேட்கும்போது வீடு ஓர் எண்ணாகிவிடுகிறது. இல்லறம் என்ற சொல்லை இல்லத்திலிருந்து படைத்த மொழி நம்முடையது. வாடகை வீட்டில் நடப்பதும் இல்லறமே.

இனி என்ன செய்வது?

அப்படியானால் நம் நண்பர் அவ்வீட்டை வாங்கவே கூடாதா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. ஓதம் பிடித்த வீடு பாவம் பிடித்த வீடு அன்று. லேவியர் நூலே இடிப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. அதற்கு முன் பார்ப்பதும், காத்திருப்பதும், பழுதானதை மட்டும் பெயர்ப்பதும் உண்டு. நேர்மையான வழிகள் அவர் முன் இருக்கின்றன.

முதல் வழி, உண்மையை நடுவில் வைத்து வாங்குவது. அவசரப்படாமல் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று காண வேண்டும். இயன்றால் மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். மாடித் தளமா, குழாயா, கடைக்காலா என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். தேர்ந்த கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ செலவைக் கணக்கிட்டு, அக்கணக்கை விற்பவரிடம் திறந்து காட்டி, அந்த அளவுக்கே விலையைக் குறைத்துக் கேட்கலாம். குறைத்துக் கிடைத்த தொகை அவருடைய ஆதாயமன்று, அது சுவருக்குரியது. அதைச் சுவருக்கே செலவிட்டு, பழைய காரையைக் கொத்தி எடுத்து, ஈரம் வரும் வழியை அடைத்து, சுவர் உலரும் மாதங்களில் வாடகையை இழக்கவும் ஒருப்பட்டு, அதன்பின் குடிவைப்பாரானால் அவர் ஒரு வீட்டைக் குணப்படுத்தியவர் ஆவார். ஊருக்கும் அது நன்மை. வரும் வாடகை குறித்து அவர் நாணவேண்டியதில்லை.

இரண்டாம் வழி, வாங்காமல் விலகுவது. பழுதுபார்க்கும் வசதி இல்லாதவருக்கும், ஓய்வுப் பணம் முழுவதையும் இதிலேயே போட வேண்டிய நிலையில் இருப்பவருக்கும் இதுவே விவேகம். ஆனால் விலகும்போது கடமை முடிந்துவிடுகிறதா என்ற கேள்வி எஞ்சுகிறது. நாளை வேறொருவர் அறியாமல் வாங்குவாரே! இங்கே இரு கடமைகள் மோதுவது போலத் தோன்றுகிறது. பிறர் குறையைத் தெருவில் பரப்பலாகாது. அயலார் பள்ளத்தில் விழுவதைப் பார்த்தும் இருக்கலாகாது. முதலில் விற்பவரிடமே, கண்டதைக் கண்டபடி சொல்வது முறை: 'அம்மா, பின்அறைச் சுவரில் ஓதம் இருக்கிறது, இன்ன காரணமாக இருக்கலாம், அடுத்து வருபவரிடம் சொல்லி விலை பேசுங்கள்.' இவ்வாறு சொன்னபின் அவர் அறியாதவர்போல இருக்க இயலாது. பின்னர் வாங்க வருபவர் எவரேனும் நம்மிடம் வந்து கேட்டால், மிகைப்படுத்தாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்காவிடினும், நமக்குத் தெரிந்தவர் ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பை அங்கே கொட்டப்போகிறார் என்று கண்டால், நம் மௌனத்திற்கு நாகரிகம் என்று பெயரிட்டுக்கொள்ள இயலாது. அங்கே நாம் பேசுவது மனிதரைப் பற்றியன்று, சுவரைப் பற்றி. விற்பவரின் நற்பெயரைத் தொடாமலே சுவரைப் பற்றிச் சொல்லலாம்.

அடைபட்ட வழி ஒன்றே. ஓதத்தைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கி, ஓதத்தை மறைத்து முழு வாடகைக்கு விடுவது. அங்கே ஒரே குறை ஒரே மனிதரின் வாயில் இருமுறை பேசப்படுகிறது. வாங்கும்போது பெரிதாக, விடும்போது இல்லாததாக. குறைந்த வாடகைக்கு, உண்மையைச் சொல்லியே விட்டால் என்ன என்று சிலர் கேட்பர். கடை வைக்கவோ விறகும் தட்டுமுட்டும் போட்டு வைக்கவோ அறையைக் கேட்பவருக்கு அப்படிச் சொல்லி விடுவதில் தவறில்லை. குழந்தையோடு குடியிருக்க வருபவரிடம் அது போதாது. வேறிடம் கிடைக்காத ஏழையின் சம்மதம் அவர் மூச்சுக்கு மருந்தாவதில்லை. வறுமையால் தலையசைப்பவரின் ஒப்புதலை நம் நேர்மைக்குச் சான்றாகக் காட்டுவது, அவர் வறுமையை இன்னொரு முறை பயன்படுத்திக்கொள்வதாகும்.

பங்குச் சமூகமாக நம்மிடமும் ஒரு பொறுப்பு உண்டு. உண்மை சொல்லும் விற்பனையாளர் இழப்படைவதைப் பார்த்து, அடுத்தவர் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறார். ஓதத்தை ஒளிக்காமல் சொன்ன கைம்பெண்ணிடம், அதையே ஆயுதமாக்கி விலையை நசுக்காமல், நேரிய கணக்கின்படி வாங்க ஒருவர் முன்வருவாரானால், அத்தெருவில் அடுத்த வீடு விற்பவருக்கும் உண்மை பேசத் துணிவு வரும். பங்கிலுள்ள கொத்தனார்களும் பொறியாளர்களும் ஏழைகளின் வீட்டை வாங்குமுன்னோ குடிபோகுமுன்னோ கூலி கருதாது ஒருமுறை பார்த்துச் சொல்வது, நம் அன்பியங்கள் செய்யக்கூடிய எளிய இரக்கச் செயல்களுள் ஒன்றாகும்.

வீடு வாங்க எண்ணும் வாசகர்கள் ஒன்றை மட்டும் செய்து பார்க்கலாம். வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் சரியாக இருக்கக் கண்டபின், பின்அறைக்குச் சென்று பீரோவை ஒரு முழம் நகர்த்தச் சொல்லுங்கள். சுவரில் கையை வையுங்கள். நம் பேரக்குழந்தையின் பாயை அச்சுவரோரம் விரிக்க மனம் ஒப்புகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புமானால் முன்பணம் கொடுக்கலாம். ஒப்பாவிட்டால், ஒப்பும்வரை அச்சுவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கொத்தனாரிடம் கேளுங்கள்.